லீவு மாத்திரை

‘புரிஞ்சுதா?’ என்று நோயாளியிடம் கேட்கும் பழக்கத்தை முதலில் விட்டுத் தொலையுங்கள். உங்கள் மாணவர்களையும் விட வையுங்கள். வளைகுடாவில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. தமிழர் என்றால் ‘புரிஞ்சுதுங்க’, பட்டாணியர் என்றால் ‘ஹா ஹா, டீக் ஹை’, அரபி என்றால் ‘தமாம்’. வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் ‘இல்லீங்க, ஒண்ணும் புரியல’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இது பாடத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே என்பீர்கள். அவ்வளவுதான் என்று நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தும் ஒரு மனிதர் சாகக் கிடந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். மருந்தகத்துக்கு வரும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்காமலே எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அமீரகத்தில், அல் ஐனில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவள். கடைசிப் பல வருடங்கள் கல்லூரியிலிருந்து வரும் இறுதியாண்டுப் பிள்ளைகளைக் கவுண்டரில் நிறுத்திப் பழக்குவதுதான் என் பாடு. வேலை முடிந்தது, விசாவும் முடிந்தது, இப்போது திருச்சியில் இருக்கிறேன். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நீட்டுகிறார்கள். வாங்கிக்கொண்டு போகிறவரை வழிமறித்து நிறுத்தி, ‘இத எப்போ சாப்பிடுவீங்க?’ என்று கேட்க வேண்டும் போல என் வாய் துடிக்கிறது. ஒரு நாள் கேட்டே விட்டேன். ‘உங்களுக்கு எதுக்குங்க?’ என்றார் அந்த மனிதர். அவர் கேட்டதும் நியாயம்தான். அல் ஐனில் இருந்த காலமெல்லாம் திருச்சியை நினைத்து ஏங்கினேன். இப்போது காலையில் கண் விழித்ததும் அந்தக் கவுண்டர்தான் கண்ணில் நிற்கிறது. ஏக்கம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பையா அண்ணன் அறந்தாங்கிப் பக்கம். சனாயாவில், அதாவது ஊருக்கு வெளியே இருக்கும் தொழிற்பேட்டையில், ஒரு கேம்ப்பில் தங்கி டைல்ஸ் பதிக்கும் வேலை பார்த்தார். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கிப் போய், காலையில் டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாத நிலையில் எங்களிடம் வந்தார். முடக்குவாதம். எங்கள் எகிப்துக்கார டாக்டர் அவருக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் கையைக் காப்பாற்றும். அதையே தினமும் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் இடத்திலேயே கை வைத்துவிடும், ஆளைக் கொல்லும்.

அன்றைக்கு அவருக்கு விளக்கிச் சொல்ல நின்றவள் வர்ஷினி. ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த பெண், சென்னைக்காரர்களின் மகள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்க வராது. படுகெட்டிக்காரி. ‘வெள்ளிக்கிழமை சாப்பிடுங்க’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. கேம்ப்பில் கிழமை மறந்து போகும், ஆனால் ஓய்வு நாளை ஒருத்தரும் மறக்க மாட்டார்கள், அதோடு முடிச்சுப் போட்டுவிட்டால் தப்பாது என்று யோசித்தாள். அவருடைய கம்பெனியில் ஓய்வு நாள் சில சமயம் வெள்ளி, சில சமயம் ஞாயிறு என்று மாறுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“அண்ணா, இந்த மாத்திரை லீவுல மட்டும்தான் சாப்பிடணும். நாலு மாத்திரை. சாப்பாட்டுக்கு அப்புறம். டியூட்டி இருக்கற நாள்ல தொடவே கூடாது. எங்க, எனக்கு ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க?”

“லீவுல மட்டும் சாப்பிடணும். நாலு மாத்திரை. சோறு தின்னுட்டு. டூட்டி நாள்ல தொடவே கூடாது” என்று மளமளவென்று ஒப்பித்தார் அவர்.

“வலி தாங்கலன்னா?”

“அதுக்குத்தான் இந்த மஞ்சப் பொட்டி மாத்திரை இருக்கே பாப்பா. அது தினம்.”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இதைவிட ஒரு மாணவி என்ன செய்ய முடியும்? ‘சபாஷ்டி பொண்ணே’ என்று முதுகில் தட்டினேன்.

அடுத்த முறை அவர் டாக்டரிடம் வந்தபோது ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே! கை மட்டும் துளிகூடத் தேறவில்லை. மருந்து சாப்பிடுகிறாயா என்று, ‘தவா காதா ஹை?’ எனத் தனக்குத் தெரிந்த இந்தியில் டாக்டர் கேட்டிருக்கிறார். மஞ்சள் பெட்டி மாத்திரையைத் தினமும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்த மனிதர், ‘ஹா சாப்’ என்று தலையாட்டியிருக்கிறார். நாலு போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் அதை ஆறாக்கினார். சீக்கிரம் ஊருக்குப் போவதாக அண்ணன் சொன்னதால் ஊரில் இருக்கும் காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினோம்.

இதற்குப் பிறகு ஒரு நாள் காலை அவருடைய ரூமில் தங்கியிருக்கும் முருகேசன் இருமல் மருந்து வாங்க வந்தான். கவுண்டரில் வர்ஷினி நின்றாள்.

“கருப்பையா அண்ணன் எப்படி இருக்கார்?”

“அவருக்கென்ன பாப்பா, கொடுத்து வச்ச மனுசன். லீவுக்குப் போயி ஒரு வாரமாச்சு. எங்களத்தான் இங்க யல்லா யல்லான்னு வெரட்டுறாங்க.”

“அவர் கை?”

“கை அப்படியேதான் கெடந்துச்சு. அதான் லீவு மாத்திரை இருக்குல்ல! அட்டப்பொட்டி கட்டறப்ப மொதல்ல அதத்தான் எடுத்து வச்சாரு. பேரீச்சம்பழம், தைலம், பால் பவுடரெல்லாம் அப்பறந்தான். ‘அண்ணே, இந்த லீவு பூரா மாத்திரதான், ஒரு சொட்டு ஊத்த முடியாது’ன்னு ரூமே சிரிச்சு அனுப்பி வச்சோம்.”

நானும் சிரித்தேன். வர்ஷினி சிரிக்கவில்லை.

“லீவு மாத்திரையா?”

“நீங்கதானே பாப்பா சொன்னீங்களாம், லீவுல மட்டுந்தான் திங்கணும்னு.”

“அண்ணா, லீவுன்னா... வாரத்துல ஒரு நாள் வேலை இருக்காதே, அது.”

முருகேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஐயோ, அது ஆஃப் பாப்பா! லீவுன்னா ஊருக்குப் போறது.”

எங்களைப் போலக் குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் ஊருக்குப் போவதை ‘வெகேஷன்’ என்போம். லீவு என்றால் பள்ளிக்கூட லீவு, ஞாயிற்றுக்கிழமை லீவு. கேம்ப்பில் இருப்பவருக்கு லீவு என்றால் ஒன்றே ஒன்றுதான். வருடக்கணக்கில் காத்திருந்து, எழுதிக் கேட்டு, தள்ளிப் போய், மறுபடி கேட்டு, கடைசியில் கையில் வரும் விமான டிக்கெட். எத்தனையோ வருடம் அவர்களுக்கு மருந்து கொடுத்த எனக்கே இந்த வித்தியாசம் உறைக்கவில்லை என்றால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படி உறைக்கும்?

அப்படியானால் இத்தனை நாளும் அந்த மாத்திரையை அவர் தொட்டதே இல்லை. அதைவிட மோசமானது அதற்கு அடுத்து உறைத்தது. லீவில் மட்டும் சாப்பிட வேண்டும் என்றால், இப்போது அவருக்கு விடிகிற நாளெல்லாம் லீவு. தினமும் ஆறு மாத்திரை.

“மேம், ரிப்போர்ட் எழுதணுமா, டாக்டர்கிட்ட சொல்லணுமா?” என்றாள் வர்ஷினி.

“ரிப்போர்ட் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல அந்த மனுஷனப் பிடி” என்றேன். அவருடைய அல் ஐன் நம்பர் அணைந்து கிடந்தது. முருகேசனிடம் வீட்டு நம்பர் இருந்தது. என் கைபேசியிலேயே போட்டேன். எடுத்தது அவர் சம்சாரம்.

“அல் ஐன் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேம்மா. கருப்பையா மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?”

“ஆமாத்தா. வந்த மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு. தெனம் ஆறு. ஒரு நா தவற விடலயே! லீவு முடியறதுக்குள்ள தின்னு தீத்துரணும்னு சொல்றாரு.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்காரு. வாயெல்லாந்தான் புண்ணு. அந்தப் பாலவனத்துச் சூடு, ஒடம்ப விட்டு எறங்கறப்ப அப்புடித்தானே இருக்கும். மோரு குடுக்குறேன், இளநி குடுக்குறேன்.”

அவர் உடம்பிலிருந்து சூடு ஒன்றும் இறங்கவில்லை. அந்த மருந்து உடம்பை அரிக்க ஆரம்பித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வாய்தான். அதற்கு முறிவு மருந்து இருக்கிறது, உடனே போனால் பிழைப்பார். நாள் கடத்தினால் ஒரு சாதாரண ஜுரம்கூட ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

மாத்திரையை நிறுத்த அவர் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றதும்தான் குரல் மாறியது.

“வாய்ப்புண்ணுதானே டாக்டரம்மா. ரெண்டு நாள்ல ஆறிரும்.”

“இது சாதாரணப் புண் இல்ல. இன்னிக்கே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். படுக்க வைப்பாங்க.”

“எத்தன நாளு?”

“ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.”

“மூணு வருசம் கழிச்சு வந்துருக்கேம்மா. ஆஸ்பத்திரில படுக்கவா வந்தேன்? எம் மக இப்பத்தான் முகத்தப் பாத்துப் பேசவே ஆரம்பிச்சிருக்கு. வந்து ரெண்டு நாளு கதவுக்குப் பின்னாடியே நின்னுச்சு.”

நான் மிரட்டினேன். உயிர் போய்விடும் என்று பச்சையாகவே சொன்னேன். “சரிம்மா, சரிம்மா, போறேன்” என்றார். அந்த ‘சரிம்மா’வைக் கவுண்டரில் ஆயிரம் முறை கேட்டவள் நான். அவர் போக மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் சாவைவிடப் பெரிய பயம் லீவு கரைந்து போவது.

வர்ஷினி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அண்ணா, நான்தான் அன்னிக்கு மாத்திரை கொடுத்த பொண்ணு. நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. வாரத்துல ஒரு நாள்னு சொல்லியிருக்கணும். லீவுன்னு சொல்லிட்டேன்.”

“விடு பாப்பா. நீ என்ன பண்ணுவ.”

“இல்லண்ணா, கேளுங்க. ஆஸ்பத்திரியில எத்தன நாள் இருக்கீங்களோ, அத்தன நாள் உங்க லீவுல கூட்டி வாங்கித் தர்றேன். ஒரு நாள்கூடக் குறையாது. நீங்க இப்போ கிளம்புங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் யார் அவருக்கு லீவு கூட்டிக் கொடுக்க? அவர் கம்பெனியின் வாசலைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

“நெசமாவா பாப்பா? கேம்ப்ல ஒத்துக்குவாங்களா?”

“நான் போய்ப் பேசறேன். டிரெஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்க அண்ணிகிட்ட.”

அரை மணி நேரத்தில் அந்த அம்மாளே கூப்பிட்டு, காரில் ஏறிவிட்டோம் என்று சொன்னார். எங்கள் டாக்டர் புதுக்கோட்டை டியூட்டி டாக்டரிடம் போனில் பேசினார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. இன்னும் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே மோர் குடித்துக்கொண்டிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம்.

அதற்குப் பிறகுதான் வர்ஷினியை ஒரு பிடி பிடித்தேன். “உன் அப்பன் வீட்டுச் சொத்தா லீவு? தலையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா வாக்குக் கொடுக்கற?” அவள் அழுதுகொண்டே, “வேற எது சொன்னாலும் அவர் போயிருக்க மாட்டார் மேம்” என்றாள். பொய் வாக்குக் கொடுக்கலாமா என்று உங்கள் மாணவர்கள் கேட்டால் கூடாது என்றுதான் சொல்லுங்கள். ஆனால் கொடுத்துவிட்டால், அதை மெய்யாக்க எந்த வாசலையும் மிதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மிதித்தோம். டாக்டரிடம் அந்த வாக்கையும் சொல்லி, ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த கடிதத்தோடு சனாயாவுக்குப் போனோம். கேம்ப் ஆபீஸில் மேனேஜர் ஒரு பாகிஸ்தான்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வேலைக்கு ஆள் பற்றாக்குறை. லீவில் போய் நோயாகப் படுத்தாலும் அது லீவுதானே என்றார். வர்ஷினி தன் பள்ளிக்கூட இந்தியில், “கல்தி மேரி ஹை, பாய்” என்றாள். தப்பு என்னுடையது, என் தப்புக்கு அவருடைய நாட்களைப் பிடிக்காதீர்கள் என்று கேட்டாள். அவர் காலண்டரை இழுத்து விரலால் நாட்களை எண்ணினார். தன் பிள்ளைகள் நினைவு வந்ததோ என்னவோ. ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களில் பாதியைக் கூட்டிக் கொடுத்தார். முழுதாகக் கிடைக்கவில்லை என்று அவள் வழி நெடுக அழுதாள்.

கருப்பையா அண்ணன் திரும்பி வந்தபோது அவளுடைய பயிற்சி முடிந்திருந்தது. அவர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு ஷார்ஜாவிலிருந்து வந்து நின்றாள். ஆள் இளைத்திருந்தார், தலைமுடி கொஞ்சம் கொட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும், “பாதி நாள்தாண்ணா வாங்க முடிஞ்சுது, மன்னிச்சிருங்க” என்று ஆரம்பித்தாள்.

“அட நீ வேற பாப்பா. வீட்டுல இருந்தா என்னக்கி எம் மக எம் பக்கத்துல உக்காந்துச்சு? வர்றவன் போறவனுக்குப் பதில் சொல்லவும், கல்யாணம் காதுகுத்துன்னு ஓடவுமே லீவு போயிரும். ஆஸ்பத்திரில அம்புட்டு நாளும் அதுதான் கூட இருந்துச்சு. ராவுல கையப் புடிச்சுக்கிட்டேதான் தூங்குச்சு. வீங்குன கையின்னுகூடப் பாக்கல.” சொல்லிவிட்டு விரல்களைக் கவுண்டர் மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைக்கு வேறு வழியில்லை. ரத்தமெல்லாம் தேறியிருந்ததால், டாக்டர் யோசித்து யோசித்து அன்றைக்கே அதே மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி எழுதினார். இந்த முறை சீட்டில் கிழமை போட்டு, கவரின் மேல் தமிழில் நானே பெரிதாக எழுதினேன். அதோடு நான் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். ஒப்பிக்கச் சொன்னால் நம் வார்த்தைதான் திரும்பி வரும், அதற்கு அவர்கள் என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்பது வராது. அதனால் இப்படிக் கேளுங்கள்: இந்த மாத்திரையை வாயில் போடும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள், என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் ‘ஊர்ல, வீட்டுல’ என்று அவர் சொல்லியிருப்பார், அங்கேயே பிடித்திருக்கலாம். அந்தக் கேள்வியை வர்ஷினிதான் கண்டுபிடித்தாள். அவள்தான் அவரிடம் கேட்டாள்.

“ரூம்ல, கட்டில்ல இருப்பேன் பாப்பா. எம் மக போன்ல வந்து, ‘அப்பா, மாத்திரை போட்டாச்சா?’ன்னு கேக்கும். அது முகத்தப் பாத்துக்கிட்டே போட்டுக்குவேன். அதுகிட்டயே சொல்லி வச்சுருவேன்.”

சூடு கண்டவள் நான். குறுக்கே புகுந்தேன். “வாரத்துல எத்தன நாள் பேசுவா?”

“ஞாயித்துக்கிழம மட்டுந்தாம்மா. மத்த நாளு பள்ளியோடம், ட்யூசன்.” மாத்திரைக் கவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “தெனமும் பேசுனா நல்லாத்தான் இருக்கும்.”